கண்ணகி போகாத அழகர்மலை

கேள்வி இதுதான்: “சிலப்பதிகாரத்தில் அழகர்கோயில் வருகிறது என்கிறார்களே, கோவலனும் கண்ணகியும் அங்கே போனார்களா? போகவில்லை என்றால் அந்த மலையைப் பற்றி எதற்கு அவ்வளவு நீளமாகச் சொல்லவேண்டும்?”

போகவில்லை. போகாததுதான் அந்த மலைக்குக் கதையில் இருக்கும் வேலையே என்பது என் எண்ணம். சிலம்பு காப்பியம்தான், நாவல் இல்லை. ஆனாலும் இந்த இடத்தை ஒரு நல்ல நாவலின் நடு அத்தியாயம் போலப் படித்தால்தான் அதன் சூட்சுமம் பிடிபடும்.

மதுரைக் காண்டத்தின் முதல் பகுதி காடுகாண் காதை. புகாரை விட்டு வந்த கோவலன், கண்ணகி, சமணத் துறவி கவுந்தியடிகள் மூவரும் அரங்கத்தையும் உறையூரையும் கடந்து தெற்கே நடக்கிறார்கள். வழியில் இளமரச் சோலை ஒன்றில் தங்கும்போது, குடமலைப் பக்கத்து மாங்காடு என்ற ஊரைச் சேர்ந்த அந்தணர் ஒருவர் பாண்டியனை வாழ்த்திக்கொண்டே வந்து சேர்கிறார். பாண்டி நாட்டைக் கண்குளிரப் பார்த்துவிட்டு வந்த மனிதர். அரங்கத்தில் கிடந்த கோலத்தையும் வேங்கடத்தில் நின்ற கோலத்தையும் “என் கண்ணுக்குக் காட்டு” என்று மனசு நச்சரித்ததால் கிளம்பிவிட்டாராம். இப்படி ஒருத்தரை நாம் எல்லோருமே பார்த்திருப்போம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, நாம் கேட்காமலே எந்த ஊரில் எந்தக் குளத்தில் குளிக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு வருவாரே, அவர்தான்.

கோவலன் கேட்டது ஒரே ஒரு கேள்வி: மதுரைக்கு வழி எது? மறையோன் முதலில் கோவலனைக் கண்டிக்கிறார். இந்த வெயிலில் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாயே என்கிறார். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து “பாலை என்பதோர் படிவம் கொள்ளும்” என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அந்த வரி இவர் வாயிலிருந்து வருவதுதான். நிலப்பிரிவுக்கு உதாரணம் காட்டி அதை மட்டும் தனியே பிடுங்கிப் படித்ததால், “இந்தச் சித்திரை வெயிலில் ஏனப்பா கிளம்பினாய்” என்ற அக்கறை அதில் இருப்பது நமக்குத் தெரியாமலே போய்விட்டது.

அப்புறம் வழி சொல்கிறார். கொடும்பை நெடுங்குளத்தை அடைந்தால் பாதை சிவபெருமான் கையில் இருக்கும் சூலம் போல மூன்றாகப் பிரியும். கொடும்பை என்பது இன்றைய கொடும்பாளூர், விராலிமலைக்குப் பக்கம். மூவர் கோயில் இருக்கும் ஊர். அந்தக் கோயில் காப்பியத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. மூன்று விமானங்களில் இன்று இரண்டுதான் நிற்கின்றன. ஒரு தடவை அங்கே இறங்கி, தெற்கே முகம் வைத்து நின்று பாருங்கள். மலைகள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வரைபடத்தை மனசில் வைத்துக்கொண்டால் மறையோன் சொன்னது அப்படியே பொருந்தும். வலப்பக்கம் போனால் சிறுமலை. இடப்பக்கம் போனால் அழகர்மலை. இரண்டுக்கும் நடுவில், இன்றைய நத்தம் பக்கமாக வருகிற தடம் மூன்றாவது வழியாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

வலப்பக்க வழியை நான் வேகமாகக் கடந்துவிடுகிறேன். வறண்ட காடு, எயினர் என்ற வேடர் குடியிருப்பு, பிறகு ஐவனம் என்ற மலைநெல், கரும்பு, தினை, வரகு என்று விளைச்சலை வரிசையாக அடுக்கி, “வாழையும் கமுகும் தாழ்குலைத் தெங்கும் மாவும் பலாவும்” சூழ்ந்த தென்னவன் சிறுமலை தெரியும் என்கிறார். பட்டியலில் வாழை இருப்பதைக் கவனியுங்கள். சிறுமலை வாழைக்கு இப்போது புவிசார் குறியீடு இருக்கிறது. மதுரைக் கடைகளில் அந்தச் சின்னப் பழத்துக்கென்றே வாடிக்கையாளர்கள் உண்டு. இளங்கோ பார்த்து எழுதினாரோ கேட்டு எழுதினாரோ, மலையில் என்ன விளையும் என்பதில் தப்பு செய்யவில்லை.

இடப்பக்க வழிதான் விஷயம். அதற்கு மட்டும் நாற்பது வரிகளுக்கு மேல் செலவாகிறது. வண்டு பாடும் வயல், பூங்கா, காடு எல்லாம் கழிந்து திருமால் குன்றத்துக்கு, அதாவது அழகர்மலைக்குப் போனால் “பெருமால் கெடுக்கும் பிலமுண்டு” என்கிறார். பிலம் என்றால் குகை. மால் என்றால் மயக்கம். பெரிய மயக்கத்தைத் தீர்க்கும் குகை, அதுவும் மாலின் குன்றத்திலேயே. இளங்கோவுக்கு இந்த மாதிரிச் சொல் விளையாட்டில் ஒரு ருசி உண்டு.

அங்கே மூன்று பொய்கைகள். புண்ணிய சரவணத்தில் மூழ்கினால் இந்திரன் செய்த இலக்கண நூல் உங்களுக்குக் கைவரும். பவகாரணியில் மூழ்கினால் முற்பிறப்பு தெரிந்துவிடும். இட்டசித்தியில் மூழ்கினால் நினைத்தது கிடைக்கும். அறிவு, கடந்தகாலம், விருப்பம். மனுஷன் ஆசைப்படுவது இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது இல்லையா?

குகைக்குள் நுழையவேண்டுமானால் மலையை மூன்று முறை வலம் வரவேண்டும் என்று ஒரு நிபந்தனை. அழகர்மலையின் நீளத்தைத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். சுற்றி முடித்தால், நிலம் பிளக்க விழுகிற சிலம்பாற்றின் கரையில், பூத்த கோங்கின் கீழே ஒரு பெண் தோன்றுவாள். பெயர் வரோத்தமை. இம்மைக்கு இன்பம் எது, மறுமைக்கு இன்பம் எது, இந்த இரண்டும் இல்லாமல் எப்போதும் நிற்பது எது என்று கேட்பாள். பதில் சொன்னால் கதவு திறக்கும். உள்ளே இடைகழிகள், கதவுகள், மேலும் கதவுகள். அவற்றையும் தாண்டி ஓர் இரட்டைக் கதவில், ஓவியத்திலிருந்து இறங்கி வந்தவள் போல இன்னொருத்தி. முடிவில்லாத இன்பம் எது, சொல்லுங்கள் என்கிறாள். இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி வருகிறது: “உரையீ ராயினும் உறுகண் செய்யேன், நெடுவழிப் புறத்து நீக்குவல் நும்.” பதில் தெரியாவிட்டாலும் உங்களுக்குத் துன்பம் செய்யமாட்டேன், நீங்கள் போகவேண்டிய நெடுவழியில் கொண்டுபோய் விட்டுவிடுவேன். நம் கதைகளில் விடை தெரியாதவனுக்குத் தலை வெடிக்கும் என்பதுதான் வழக்கம். இவள் பஸ் ஏற்றி அனுப்பிவைக்கிறாள்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் மலைமேல் நிற்பவன் பாதத்தை மனசில் வைத்துக்கொண்டு அப்படியே மதுரைக்குப் போங்கள் என்று ஒரு சுலப வழியும் சொல்லி வைக்கிறார் மறையோன். மூன்றாவதாக நடுவழி: ஊர்களும் சோலைகளும் காடுகளும் இடையிட்ட பாதை, அதில் ஒரு தெய்வம் நயமாக வந்து வழிப்போக்கரை மயக்கித் தடுக்கும், அதைத் தாண்டினால் “மதுரைப் பெருவழி.” சொல்லி முடித்து, நான் வருகிறேன் என்று கிளம்பப் பார்க்கிறார்.

கோவலன் வாயைத் திறக்கவில்லை. கண்ணகி பேசவே இல்லை. பதில் கவுந்தியிடமிருந்து வருகிறது. “பிலம்புக வேண்டும் பெற்றி ஈங்கு இல்லை.” குகைக்குள் நுழையவேண்டிய தேவை எங்களுக்கு இல்லை. இந்திரன் நூலா, அது எங்கள் அருகன் அருளிய ஆகமத்திலேயே இருக்கிறது. முற்பிறப்பா,

“இறந்த பிறப்பின் எய்திய எல்லாம்
பிறந்த பிறப்பில் காணா யோநீ?”

போன பிறப்பில் செய்ததெல்லாம் இந்தப் பிறப்பில் கண்முன்னே நடந்துகொண்டுதானே இருக்கிறது, அதைப் பார்க்க ஒரு குளம் வேண்டுமா? விரும்பியதை அடைவதா, “வாய்மையின் வழாது மன்னுயிர் ஓம்புநர்க்கு” அடையமுடியாத பொருள் என்று ஒன்று உண்டா? நீ உன் தெய்வத்தைப் பார்க்கப் போ, நாங்கள் எங்கள் வழியைப் பார்க்கிறோம். மூன்று குளத்துக்கும் மூன்றே பதில். வைணவப் பயணிக்குச் சமணத் துறவி கொடுத்த சவுக்கடி என்று இதைச் சமயச் சண்டையாக மட்டும் படிக்கிறவர்கள் உண்டு. அது இருக்கிறதுதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் முக்கால் பங்கு போய்விடும்.

ஏன் என்றால், பவகாரணி கொடுக்கும் என்று சொல்லப்பட்ட அந்தச் செய்தி, அதாவது முற்பிறப்பு, கதையின் கடைசியில் வரத்தான் செய்கிறது. மதுரை எரிந்த பிறகு கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகியின் பின்னால் வந்து நின்று சொல்கிறது. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் பரதன் என்று ஒருவன் இருந்தான். கடைத்தெருவில் பண்டம் விற்க வந்த சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று அரசனிடம் பிடித்துக் கொடுத்துக் கொல்லவைத்தான். சங்கமன் மனைவி நீலி பதினாலு நாள் தெருவெல்லாம் அழுது திரிந்து, மலையேறி விழுந்து உயிரை விட்டாள். விழுமுன் “எம்முறு துயரம் செய்தோர் யாவதும் தம்முறு துயரம் இற்றாகுக” என்று சபித்தாள். அந்தப் பரதன்தான் உன் கோவலன்.

இப்போது திரும்பி வந்து காடுகாண் காதையைப் படியுங்கள். வெளியூரில் பொருள் விற்கப் போன வணிகன் பொய்க் குற்றத்துக்குப் பலியாவான் என்ற செய்தி, கொடும்பாளூரிலிருந்து இடப்பக்கம் திரும்பினால் ஒரு குளத்தில் காத்துக்கொண்டிருந்தது. அப்போது கோவலன் அதே மாதிரி வெளியூருக்குப் பொருள் விற்கப் போகிறவன். பொருள் ஒரு சிலம்பு. அந்தக் குளத்து மலையில் ஓடும் ஆற்றின் பெயரும் சிலம்பாறு. இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. கவுந்தி சொன்ன தத்துவத்தில் பிழையே இல்லை. போன பிறப்பை இந்தப் பிறப்பிலேயே பார்த்துவிட்டார்கள், அவள் சொன்னபடியே. ஆனால் பார்த்தபோது கோவலன் உயிரோடு இல்லை. பின்னால் அந்தச் சேதி கேட்டுக் கவுந்தி உண்ணா நோன்பிருந்து உயிர் விட்டதாக நீர்ப்படைக் காதையில் தெரிகிறது. அந்தச் சோலையில் பட்டென்று பதில் சொன்னதை அவள் நினைத்துப் பார்த்தாளா என்று இளங்கோ எழுதவில்லை. நாம் நினைத்துப் பார்க்க இடம் விட்டிருக்கிறார்.

சரி, இடப்பக்கம் போயிருந்தால் தப்பித்திருப்பார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊழை மையமாக வைத்த நூலில் ஒரு குளத்து முழுக்கு விதியை மாற்றிவிடாது. தெரிந்துகொண்டே மதுரைக்கு வந்திருப்பார்கள், அவ்வளவுதான். அது இன்னும் கொடுமை. மலை அங்கே நிற்பது தப்பிக்கும் வாசலாக இல்லை. எல்லாம் முன்பே சொல்லப்பட்டுவிட்டது, கேட்கத்தான் ஆளில்லை என்று நமக்குக் காட்டுவதற்காக நிற்கிறது. இதே வேலையைச் சில காதைகள் தள்ளி மதுரைக் கோட்டைக் கொடிகள் செய்யும். வராதே வராதே என்று கை காட்டுவது போல அவை அசையும். வையை தன் கண்ணீரைப் பூவாடையால் மூடிக்கொள்ளும். அந்த இரண்டு காட்சியும் எல்லோருக்கும் தெரியும். அழகர்மலைதான் அவற்றில் முதலாவது என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

மறையோன் பேச்சு மொத்தமும் வீண் என்றும் நினைக்கவேண்டாம். நடுவழியில் போகும்போது கண்ணகிக்குத் தாகம். கோவலன் தண்ணீர் தேடி ஒரு பொய்கைக்குப் போகிறான். அங்கே மாதவியின் தோழி வசந்தமாலை உருவில் கானுறை தெய்வம் வந்து காலில் விழுந்து அழுகிறது. மறையோன் எச்சரித்தது நினைவுக்கு வந்து, கோவலன் பாய்கலைப் பாவை மந்திரத்தை, அதாவது கொற்றவை மந்திரத்தைச் சொல்கிறான். தெய்வம் உண்மையை ஒத்துக்கொண்டு, இதை உன் மனைவியிடமும் அடிகளிடமும் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டு மறைகிறது. கோவலன் தாமரை இலையில் தண்ணீரை ஏந்திக்கொண்டு வந்து கண்ணகிக்குக் கொடுக்கிறான். மாதவி வீட்டில் இத்தனை வருஷம் கிடந்தவன், அவள் தோழி முகத்தைப் பார்த்தும் ஏமாறாமல், இலையில் தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுவருகிறான். மூன்று குளங்களை வேண்டாம் என்றவர்களுக்கு நாலாவதாக ஒரு குளம். அதில் கிடைத்தது ஒரு கை தண்ணீர்.

இன்றைக்கு அந்த மலை எப்படி இருக்கிறது என்று கேட்டால், மதுரையிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். கீழே கள்ளழகர் கோயில், வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பு. அங்கே சாமி சிலையாக இல்லை, சந்தனம் பூசிய கதவுதான் சாமி. பொய் சொல்ல அஞ்சி, கொடுக்கல் வாங்கல் வழக்குகளை அந்தக் கதவின் முன்னால் சத்தியம் செய்து தீர்த்துக்கொள்வது இந்தப் பக்கத்துப் பழக்கம். மெய்யான பதில் சொன்னால் திறக்கும் வரோத்தமையின் கதவு ஞாபகம் வருகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவரவில்லை. நிற்கும்போது ஞாபகம் வரும், அவ்வளவுதான்.

மேலே மலைப்பாதையில் போனால் பழமுதிர்சோலை முருகன். அதற்கும் மேலே ராக்காயி அம்மன் சன்னிதி, நூபுர கங்கை. நூபுரம் என்றாலும் சிலம்பு என்றாலும் ஒன்றுதான். திருமால் உலகளந்தபோது அவர் கால் சிலம்பிலிருந்து வழிந்த நீர் என்பது தலபுராணம். அழகருக்குத் திருமஞ்சனம் அந்தத் தண்ணீரில்தான். குளிக்கிற வரிசையில் நின்றுகொண்டு யாரிடமாவது “இதுதான் சிலப்பதிகாரத்துச் சிலம்பாறு” என்று சொல்லிப் பாருங்கள். நான் சொன்னபோது பின்னால் நின்ற அக்கா, “அப்படியா, சீக்கிரம் நகருங்க தம்பி” என்றார். மூன்று பொய்கைகள் எவை, பிலம் எது என்று விரலால் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. காட்டுகிறவர்களை நான் நம்புவதும் இல்லை. திரும்பும்போது கோயில் தோசையைச் சாப்பிட மறக்கவேண்டாம். கனமாக, தோல் உளுந்தும் மிளகுமாக, ஒன்றே வயிற்றை அடைத்துவிடும்.

நேரமிருந்தால் ஒன்று செய்யுங்கள். மேலூர் போகிற சாலையில் கிடாரிப்பட்டி என்று ஓர் ஊர். அந்தப் பக்கத்து மலைச்சரிவில் பாறைக்கு அடியில் ஒரு குகைத்தளம், ஊர்க்காரர்கள் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். கல்லில் வெட்டிய படுக்கைகள், அங்கே தங்கிய சமணத் துறவிகளுக்காகச் செய்து கொடுத்தவை. மேலே பாறை விளிம்பில் தமிழ் பிராமி எழுத்தில் செய்து கொடுத்தவர்கள் பெயர். பெரும்பாலும் வியாபாரிகளும் தொழில்காரர்களும்தான். உப்பு வணிகர், கொழு வணிகர், பணித வணிகர், அறுவை வணிகர். கொழு என்றால் கலப்பைக்கு மாட்டுவது, பணிதம் வெல்லப்பாகு, அறுவை துணி. சிலப்பதிகாரத்துக்கு முந்திய எழுத்து அது.

கவுந்தி எங்களுக்குத் தேவையில்லை என்று ஒதுக்கிய அதே மலையில் அவள் சமயத்துத் துறவிகள் படுத்திருந்திருக்கிறார்கள். கோவலனைப் போன்ற வணிகர்கள் அவர்களுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர்கள் வரிசையில் மதுரையைச் சேர்ந்த பொன் தொழில்காரர் ஒருவரும் இருக்கிறார். பெயர் ஆதன். காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது. சாய்வாக வெளிச்சம் விழும்போதுதான் ஒவ்வோர் எழுத்தாகத் தெரியும்.